பன்னிரண்டு நாட்களில் மூன்று பனிமலைகளா? கொழும்பிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்துக்கு என் பதில்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். வெள்ளவத்தையில் இருக்கும் நீங்கள், மனைவி, 14 வயது மகள், 10 வயது மகன், 67 வயதான மாமி ஆகிய ஐவரும் டிசம்பர் பாடசாலை விடுமுறையில் 12 நாட்கள் இந்தியாவுக்குச் சென்று, மணாலிக்கு அருகிலுள்ள சோலாங், உத்தரகாண்டிலுள்ள அவுலி, காஷ்மீரிலுள்ள குல்மார்க் ஆகிய மூன்று இடங்களிலும் பனிச்சறுக்கு விளையாட விரும்புகிறீர்கள். உங்களில் ஒருவரும் இதுவரை பனிப்பொழிவைக் கண்ணால் கண்டதில்லை. மாமிக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. எந்த ஒழுங்கில் போவது, எங்கே எத்தனை நாள் தங்குவது, என்னென்ன கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று இடங்களையும் ஒரே பயணத்தில் வைக்க வேண்டாம் என்பதே என் பதில். நானும் மனைவியும் பிள்ளைகளும் கொழும்பிலிருந்து ஐந்து முறை இமயமலைப் பனியைத் தேடிப் போயிருக்கிறோம். முதன்முறை நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தைப் போன்ற ஒன்றையே நாங்களும் போட்டோம். அதில் சறுக்கிய நேரத்தைவிட வாகனத்துக்குள் இருந்த நேரமே அதிகம். வரைபடத்தில் இம்மூன்று இடங்களும் ஒரே மலைத்தொடரில் அடுத்தடுத்து இருப்பதுபோலத் தெரிந்தாலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கி, மறுபடியும் ஏறத்தான் வேண்டும். டில்லியிலிருந்து மணாலிக்கு ஏறத்தாழ 530 கிலோமீற்றர். தரைவழியே போனால் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் ஆகும். அவுலிக்குப் போவதற்கு ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை மட்டும் 250 கிலோமீற்றர் மலைப்பாதை உண்டு. அதற்கே ஒரு முழுப் பகல் வேண்டும். இவ்விரண்டுக்கும் போய்வரும் பயணத்தைக் கூட்டினால் உங்கள் 12 நாட்களில் ஐந்தோ ஆறோ தெருவிலேயே போய்விடும். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் 10 வயதுப் பிள்ளைக்கு வாந்தி வருவதையும், நீரிழிவுள்ள ஒருவர் நேரத்துக்குச் சாப்பிட முடியாமல் தவிப்பதையும் அந்தக் கணக்கில் நான் இன்னும் சேர்க்கவில்லை.

இனி ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே பார்ப்போம்.

அவுலி அழகான இடம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 7,816 மீற்றர் உயரமான நந்தாதேவிச் சிகரம் எதிரே தெரியும்படி அமைந்த சரிவு அது. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் அங்கே நடந்தபோது, செயற்கையாகப் பனி உண்டாக்கும் இயந்திரங்களும் பொருத்தப்பட்டன. ஆனால், ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்கு ஏறும் நான்கு கிலோமீற்றர் நீளமான கம்பிவட ஊர்திதான் அவ்விடத்தின் முதுகெலும்பாக இருந்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரில் நிலம் தாழ்ந்து வீடுகள் பிளந்தபோது அந்த ஊர்தி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு அவுலிக்கு ஏறுவதற்கு மலைத் தெருதான் வழி. முதன்முறை போகும் குடும்பத்துக்கு, அதிலும் மாமியோடு போகும் குடும்பத்துக்கு, நான் அவுலியைச் சொல்ல மாட்டேன்.

சோலாங் வேறு மாதிரியானது. மணாலியிலிருந்து 14 கிலோமீற்றர் அளவில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் சரிவு மென்மையானது, தொடக்கக்காரருக்கு ஏற்றது. 2020 ஒக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதிலிருந்து அதற்கு அப்பால் லாஹௌல் பக்கத்திலுள்ள சிஸ்ஸுவுக்கும் குளிர்காலத்தில் போய்வர முடிகிறது. ஒன்பது கிலோமீற்றர் நீளமான அந்தச் சுரங்கத்துக்குள் தெருவை மட்டும் பார்த்துக்கொண்டு நுழைந்து, மறுபுறம் வெளிவரும்போது எல்லாம் வெள்ளையாக இருப்பதைக் கண்ட கணத்தை என் பிள்ளைகள் இன்றும் பேசுவார்கள். எனினும் சோலாங்கில் பெரும்பாலும் நடப்பது பனியோடு ஒரு நாள் விளையாட்டு. போகும் வழியில் உள்ள கடைகளில் மேலங்கியும் இறப்பர் சப்பாத்தும் வாடகைக்கு எடுத்து, சரிவில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் சறுக்கி, படம் எடுத்துத் திரும்புகிறார்கள். அதில் மகிழ்ச்சி உண்டு, மறுக்கவில்லை. உங்கள் மகள் எழுதியிருப்பதாக நீங்கள் குறிப்பிட்ட “தனியாகச் சறுக்கி இறங்க வேண்டும்” என்ற ஆசை அதில் நிறைவேறாது.

ஆகவே குல்மார்க். அந்த உயரத்தை நம் நாட்டு அளவில் சொன்னால் எளிதாகப் புரியும். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர். குல்மார்க்கில் நீங்கள் உறங்கப்போகும் அறை 2,650 மீற்றர் உயரத்தில், அதாவது நம் நாட்டின் உச்சிக்கும் மேலே இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தி இரண்டு கட்டங்களாக ஏறுகிறது. 1998இல் தொடங்கிய முதற்கட்டம் 3,000 மீற்றரைத் தாண்டிய கொங்டூரி வரை செல்லும். 2005இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோளில், ஏறத்தாழ 3,950 மீற்றர் வரை செல்லும். உலகெங்கிலுமிருந்து தேர்ந்த சறுக்குநர்கள் அங்கே வருவது அந்த இரண்டாம் கட்டத்துக்காக. உங்களுக்குத் தேவையானது அதுவல்ல. கீழே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிக் கிடக்கும் தாழ்வான சரிவுகள்தான். கோடையில் புல்வெளியாக இருக்கும் அந்த நிலத்தில், இழுவைக் கம்பியைப் பிடித்து மேலே ஏறி, மெல்ல இறங்கிப் பழகலாம். விடுதிகள் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால், களைத்த பிள்ளை அறைக்குத் திரும்பலாம், மாமி ஜன்னலருகே இருந்தபடி பார்க்கலாம், ஒருவருக்காக மற்ற நால்வரும் காத்திருக்க வேண்டியதில்லை.

காலத்தைப் பற்றி உங்களோடு சற்று வாதாட வேண்டியிருக்கிறது. காஷ்மீரிகள் டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாட்களைச் சில்லை கலான் என்பார்கள்; குளிர் மிகக் கடுமையான காலம் அது. குளிர் கடுமையாக இருக்கிறது என்பதனால் பனி ஆழமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நமக்கு மழை தருவது பருவக்காற்று; அந்த மலைகளுக்குக் குளிர்காலப் பனியைத் தருவதோ மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்துவரும் தாழமுக்கங்கள். அவை வந்தால் ஓரிரவில் இடுப்பளவு பனி கொட்டும். வராவிட்டால் எத்தனை பாகை குளிர்ந்தாலும் நிலம் காய்ந்தே கிடக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் புழுதி நிறமாகவே இருந்தது. மாத இறுதியில்தான் நல்ல பனி விழுந்தது. டிசம்பர் இறுதி வாரத்தில் மெல்லிய படலம் ஒன்று இருக்கலாம், அதற்கடியில் கல்லும் இருக்கலாம். வாடகைக்கு எடுத்த சறுக்குப் பலகையில் கல் உரசும் ஓசையைக் கேட்டவர்கள் மறுமுறை டிசம்பரில் போக மாட்டார்கள்.

என் தெரிவு பெப்ரவரி முதல் மூன்று வாரங்கள். சுதந்திர தின விடுமுறையை ஒட்டிப் புறப்பட்டால், பிள்ளைகள் ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாகப் பாடசாலையை விட நேரும். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், பரீட்சைக் காலம் அல்லாதபோது பெரும்பாலும் இணங்குவார்கள். பெப்ரவரியில் பனி இருக்கும் என்பதும் உறுதியான கணக்கு என்று நான் சொல்லவில்லை. 2025 பெப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி இல்லாமையால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே எந்த மாதத்தில் போனாலும், திருப்பிப் பெறக்கூடிய வகையில் அறையைப் பதிவு செய்வதற்குச் சற்று அதிகமாகக் கொடுப்பது வீண்செலவு அல்ல.

பல இடங்களைப் பார்க்கும் உங்கள் ஆசையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றை ஒரே பள்ளத்தாக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். முதல் நாள் கட்டுநாயக்கவிலிருந்து டில்லி. நேரடி விமானத்தில் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறையவே ஆகும். அன்றிரவு டில்லியிலேயே தங்குங்கள், ஏனெனில் வடஇந்தியாவின் குளிர்கால மூடுபனி விமானங்களைப் பல மணி நேரம் தாமதிக்க வைக்கும், ஒரே நாளில் இரண்டு விமானங்களைக் கோத்தால் இரண்டாவது கைநழுவிப்போகும். இரண்டாம் நாள் ஸ்ரீநகர். கடல் மட்டத்திலிருந்து வரும் நமக்கு 1,600 மீற்றர் அளவிலுள்ள அந்நகரில் ஓரிரவு உறங்குவது, மேலே ஏறுமுன் உடலுக்குக் கிடைக்கும் நல்ல இடைநிலை. மூன்றாம் நாள் காலை குல்மார்க்குக்கு ஏறுங்கள். ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம்தான், ஆனால் டாங்மார்க்கிலிருந்து மேலே உள்ள 13 கிலோமீற்றரில் பனி விழுந்திருந்தால், சக்கரத்தில் சங்கிலி பூட்டிய வாகனத்துக்கு மாற வேண்டியிருக்கும். அந்த மாற்று வாகனத்துக்குரிய செலவை முதலில் பேசிய வாடகையில் சேர்த்தார்களா என்று ஸ்ரீநகரிலேயே கேட்டுவிடுங்கள். அன்று எதுவும் செய்யாமல் ஓய்வெடுங்கள். நான்காம் நாள் முதல் எட்டாம் நாள் வரை ஐந்து பகல்கள் சறுக்கலுக்கு. ஒன்பதாம் நாள் இறங்கும் வழியில் டாங்மார்க்குக்கு அருகே துரூங் என்ற இடத்தில் உறைந்து தொங்கும் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஸ்ரீநகருக்குத் திரும்பலாம். பத்தாம் நாள் சோனமார்க். முன்பு குளிர்காலத்தில் பனிச்சரிவுகளால் அந்தத் தெரு மூடப்பட்டுவிடும். 2025 ஜனவரி 13இல் ஆறரைக் கிலோமீற்றர் அளவான சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு ஸ்ரீநகரிலிருந்து 80 கிலோமீற்றர் அளவு போய், அன்றே திரும்பிவிடலாம். பதினோராம் நாள் டில்லி, பன்னிரண்டாம் நாள் வீடு. இதில் நீங்கள் குல்மார்க், துரூங், சோனமார்க் என்று மூன்று பனியிடங்களைப் பார்த்துவிடுகிறீர்கள். பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதோ சில தடவைகள்தான்.

குல்மார்க்கின் ஐந்து பகல்களைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் உங்கள் பயணத்தின் பயன் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் சப்பாத்து. பலகைகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சப்பாத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் முதற்பயணத்தில் ஒரு வாடகைக் கடையில் நான் என் வழக்கமான சப்பாத்தின் எண்ணைச் சொன்னேன். கொடுத்தார்கள். கால் நுழைந்தது, வசதியாகவும் இருந்தது, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்த வசதிதான் பிழை. சரிவில் உள்ளே கால் முன்னும் பின்னும் ஓடி, மாலையில் இரு முழங்கால்களுக்கும் கீழே எலும்பின்மேல் நீலம் பாரித்து வீங்கி, அடுத்த இரண்டு நாட்களை நான் அறையிலேயே கழித்தேன். பிறகுதான் ஒரு பயிற்றுநர் விளக்கினார்: பனிச்சறுக்குச் சப்பாத்தின் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் சொல்வது. இன்றிரவே ஐவரையும் சுவரில் குதிகால் முட்ட நிறுத்தி, தரையில் ஒரு தாளை விரித்து, நீண்ட விரலின் நுனிவரை அளந்து எழுதிவையுங்கள். 26.5 சென்ரிமீற்றர் என்றால் 26.5 என்ற சப்பாத்து. கொக்கிகளைப் பூட்டி நேராக நிற்கும்போது விரல் நுனி முன்புறத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை முன்னே வளைத்ததும் அந்தத் தொடுகை விலக வேண்டும். குதிகால் மேலே எழவே கூடாது. உள்ளே ஒரேயொரு நீண்ட காலுறைதான். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் மடிப்பு விழும், இரத்த ஓட்டம் தடைப்படும், கால் இன்னும் விரைவாகக் குளிரும்.

பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் அதன் நுனி தொடக்கக்காரரின் நாடிக்கும் மூக்குக்கும் இடையே வந்தால் போதும். பலகையோடு சப்பாத்தைப் பூட்டும் பிணைப்பு, விழும்போது தானாகக் கழன்றுவிட வேண்டும். கழலாவிட்டால் முழங்கால் முறுக்குண்ணும். எந்த விசையில் கழல வேண்டும் என்பது ஒருவரின் எடை, உயரம், சப்பாத்தின் அடி நீளம், பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. கடைக்காரர் அவற்றைக் கேட்காமல் பிள்ளையின் கையில் பலகையைக் கொடுத்தால், கேட்டு அமைக்கச் சொல்லுங்கள். கூட்டமாக இருந்தாலும் விடாதீர்கள்.

முதற்காலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பிள்ளைகள் மனந்தளர மாட்டார்கள். முதல் அரைமணி நேரம் ஒரு காலில் மட்டும் பலகை பூட்டிச் சமதரையில் நடப்பீர்கள். பிறகு இரண்டையும் பூட்டி, சரிவுக்குக் குறுக்கே நின்று, நண்டு ஏறுவதுபோலப் பக்கவாட்டில் அடியெடுத்து ஏறுவீர்கள். அதன் பிறகே இறக்கம். நிறுத்தும் முறை இதுதான்: பலகைகளின் முன் நுனிகளை ஒன்றுக்கொன்று நெருக்கி, பின்முனைகளை அகல விரித்து, ஆப்பு வடிவில் வைத்து, உட்புற விளிம்புகளால் பனியை அழுத்துவது. செய்யக் கடினமில்லை, நம்பத்தான் கடினம். வேகம் கூடும்போது உடல் தானாகவே பின்னுக்குச் சாயும், சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பாரமிழந்து இன்னும் வேகமாக ஓடும். அந்த அச்சத்தை வென்று முழங்காலை முன்னே வளைத்து, கீழ்க்காலின் எலும்பு சப்பாத்தின் நாக்கை அழுத்தும்படி நிற்பதைத்தான் முதல் இரண்டு நாட்களும் பயில்கிறோம். என் மகளுக்கு அது மூன்றாம் நாள் காலையில் பிடிபட்டது. அதுவரை பத்தடிக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருந்தவள், திடீரென்று இடப்பக்கம் வளைந்து, வலப்பக்கம் வளைந்து, எங்கள் முன்னால் வந்து நின்று, கைக்கோல்களைப் பனியில் ஊன்றிவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் மூச்சு வாங்கியபடி எங்களைப் பார்த்தாள். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை இடம் மாறியிருந்தால் அந்த மூன்றாம் நாள் எங்களுக்கு வந்திருக்காது. உங்கள் திட்டத்தை மாற்றும்படி நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

விழும்போது பக்கவாட்டில், மலையேறும் பக்கமாகச் சாயுங்கள். எழும்போது முதலில் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பிவைத்துவிட்டு எழுங்கள். கீழ்நோக்கி வைத்துக்கொண்டு எழ முயன்றால், எழுந்த கணமே சறுக்கிப்போவீர்கள். பயிற்றுநர் ஒருவரையே ஐந்து நாட்களுக்கும் அமர்த்திக்கொள்ளுங்கள். இருவருக்கு ஒரு பயிற்றுநர் என்ற அளவு நல்லது. நால்வருக்கு ஒருவர் என்றால் மூவர் எப்போதும் நின்றுகொண்டிருப்பார்கள். காலையில் இரண்டரை மணி நேரம், மதியத்துக்குப் பின் ஒரு மணி நேரம் போதும். களைத்த காலோடு “கடைசியாக ஒரு தரம்” என்று ஏறும்போதுதான் பெரும்பாலான காயங்கள் உண்டாகின்றன. நடுநாளில் ஒரு நாள் ஓய்வுக்கு விடுவதாயின், அன்று முதற்கட்டக் கொண்டோலாவில் எல்லோரும் கொங்டூரிக்குப் போய்வாருங்கள். அனுமதிச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்; அங்கே போய் வாங்கலாம் என்று வந்து ஏமாந்து நிற்பவர்களை ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் கட்டத்தின் உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவது உங்கள் முதற்பயணத்தில் கூடவே கூடாது. அங்குள்ள சரிவுகளில் பெரும்பகுதி இயந்திரத்தால் சீர்செய்யப்படாத இயற்கைப் பனி. பனிச்சரிவு அபாயம் உள்ள இடம். 2023 பெப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பெப்ரவரியில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள். அவர்கள் அனைவரும் சறுக்கத் தெரிந்தவர்கள். புதுப்பனி கொட்டி வெயில் அடிக்கும் அழகான காலையே மிக ஆபத்தான காலை. யாராவது வழிகாட்டி உங்கள் மகளின் ஆர்வத்தைப் பார்த்து “மேலே அழைத்துப்போகிறேன்” என்றால், பணிவாக மறுத்துவிடுங்கள்.

மாமியைப் பற்றி. இந்தப் பயணத்துக்கு அவர் வருவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் புறப்பட ஒரு மாதத்துக்கு முன்பே அவரது வைத்தியரிடம் உயரத்தைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். 2,500 மீற்றருக்கு மேலே யாருக்கும் உயர நோய் வரலாம்: தலைவலி, குமட்டல், உறக்கமின்மை. முதல்நாள் ஓய்வில் பெரும்பாலும் அது தணியும். தலைவலியோடு தடுமாற்றமோ, ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால், காலை வரட்டும் என்று காத்திராமல் உடனே டாங்மார்க்குக்கு இறக்கிவிட வேண்டும். இன்சுலின் பயன்படுத்துபவராயின் அது உறையக் கூடாது, உறைந்தால் வீண். ஜன்னலோரத்திலோ வாகனத்தின் பெட்டிப் பகுதியிலோ வைக்காமல், உடலை ஒட்டிய உட்பையில் வைத்திருக்கட்டும். இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் பிழை காட்டும், அறைக்குள் சூடாக்கிய பிறகே பார்க்க வேண்டும். விடுதி அறைகளில் புகாரி எனப்படும் விறகடுப்பு எரியும். கதகதப்பாக இருக்கிறது என்று எல்லா இடுக்குகளையும் துணியால் அடைத்துவிட்டு உறங்காதீர்கள். ஜன்னலை ஒரு விரற்கடையாவது திறந்துவையுங்கள், கரியமில வாயுவைவிடக் கொடிய கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை.

அவருக்கு உணவும் கவலை தராது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் ராஜ்மா எனும் சிவப்பு அவரைக் கறியும் சோறும் எங்கும் கிடைக்கும். ஹாக் என்ற கீரையும், நத்ரூ என்ற தாமரைக் கிழங்கும் காஷ்மீரின் அன்றாட உணவு. அந்தக் கிழங்கை நாம் இங்கே நெலும் அல என்று அறிவோம், அங்கே அதைத் தயிரில் சமைப்பதைச் சுவைத்துப் பாருங்கள். நூன் சாய் என்று கொடுத்தால் அது உப்புத் தேநீர் என்பதை மாமியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு ஆகாது, குங்குமப்பூ இட்ட கஹ்வா நல்லது, சீனி இல்லாமல் கேட்கலாம். குல்மார்க்கின் நடுவே மேட்டில் 1915இல் கட்டப்பட்ட சிவன் கோயில் ஒன்று இருந்தது; 2024 ஜூனில் அது தீக்கிரையானது. கோயிலுக்குப் போக விரும்புவாராயின் ஸ்ரீநகரில் சங்கராசாரியார் குன்றைக் காட்டலாம், படிகள் பல என்பதால் அவரது முழங்காலைக் கேட்டு முடிவெடுங்கள்.

உடைகளில் பலர் செய்யும் தவறு, நுவரெலியாவின் குளிரை வைத்து அளப்பது. குல்மார்க்கின் பெப்ரவரி இரவில் பூச்சியத்துக்குக் கீழே 8 அல்லது 10 பாகை என்பது வழக்கமானதே. ஒரு பெரிய மேலங்கியை நம்புவதைவிட மூன்று அடுக்குகள் சிறந்தவை: உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் காற்றை அடக்கும் தடித்த மேற்சட்டை, வெளியே நீர்புகாத அங்கி. பருத்தி வேண்டவே வேண்டாம். சறுக்கும்போது வியர்க்கும், பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்து, நீங்கள் நின்றதும் ஐஸாக உடலில் ஒட்டும்; டெனிம் காற்சட்டையும் அப்படித்தான். கனடாவிலோ சுவிஸிலோ உள்ள உறவினர் விட்டுப்போன குளிரங்கிகள் நம் கொழும்பு வீடுகளில் பல அலுமாரிகளுக்குள் கிடக்கும், கேட்டு வாங்குங்கள். கையுறை, பனிக்கண்ணாடி இரண்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். வெண்பனியில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே பகலில் கண்ணைப் புண்ணாக்கும், கன்னத்தைக் கருக்கும். தலைக்குத் தேங்காயெண்ணெய் கொண்டுபோவதாயின் அகன்ற வாய்ச் சாடியில் எடுத்துச் செல்லுங்கள்: 24 பாகைக்குக் கீழே உறையும் எண்ணெய் அங்கே போத்தலுக்குள் கல்லாக இருக்கும், மனைவி அதைக் கத்தியால் குடைந்தெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விடுவது சரியல்ல. 2025 ஏப்ரல் 22இல் காஷ்மீரிலுள்ள பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள்மீது நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். நாம் போர்க்காலத்தைக் கண்டவர்கள். சோதனைச் சாவடி நமக்குப் புதிதல்ல, ஆனாலும் பிள்ளைகளோடும் முதியவரோடும் போகும்போது அந்த வார நிலைமையை அறிந்தே போக வேண்டும். முற்பதிவுக்கு முன்னும், புறப்படும் வாரத்திலும் பயண அறிவுறுத்தல்களைப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கேனும் மனம் ஒப்பவில்லையென்றால் காஷ்மீரை விட்டுவிட்டு, 12 நாட்களையும் மணாலியில் வைத்து, சோலாங்கில் ஒரே பயிற்றுநரிடம் தொடர்ந்து ஐந்து நாட்கள் கற்றுக்கொள்ளுங்கள். சரிவு சிறியதானாலும், ஓரிடத்தில் தங்கிக் கற்பதன் பயன் அங்கும் கிடைக்கும்.

கடைசியாகக் கடதாசி வேலைகள். இந்திய விசாவை இணையவழியே எடுக்கலாம். இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்து, அனுமதியை அச்சிட்டு வைத்திருங்கள். பயணக் காப்புறுதியில் குளிர்கால விளையாட்டு தனியாகச் சேர்க்கப்பட வேண்டும். சாதாரண காப்புறுதி சரிவில் முறிந்த காலுக்குப் பெரும்பாலும் பணம் தராது, மாமியின் நோய்களையும் மறைக்காமல் எழுத வேண்டும். டில்லியில் வாங்கும் முற்கொடுப்பனவு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, ஆகவே விடுதியின் வைஃபையை நம்பியிருக்க நேரும் என்று கொழும்பிலுள்ள உறவினரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் பல தடவை சோதிப்பார்கள்; திரும்பும் நாளில் மூன்று மணி நேரம் முன்பே போங்கள். ஐவரின் கடவுச்சீட்டு எண்கள், காப்புறுதி எண், மாமியின் மருந்துகளின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இரு பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். அதே தாளின் பின்புறத்தில் ஐவரின் பாத நீளங்களையும் குறித்துவையுங்கள். மகனுடையதை மட்டும் புறப்படும் வாரத்தில் மறுபடியும் அளக்க வேண்டும், அந்த வயதில் கால் நின்று வளர்வதில்லை.